ஆலமும் குளோரினும்: குடிநீர் டெண்டரில் நகரம் எதை வாங்குகிறது?

சென்னையின் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 53 கோடி லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்யும் திறன் கொண்டது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ரசாயனம் என்றால் ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆனால் 53 கோடி லிட்டருக்கும் அதைக் கலக்க வேண்டுமானால் 530 கிலோ வேண்டும். கலங்கலைத் தெளியவைக்கும் அலுமினியம் உப்பான ஆலம் லிட்டருக்கு 10 மில்லிகிராம் போதும் என்கிற நாளில் 5.3 டன். வடகிழக்குப் பருவமழையில் புதுவெள்ளம் கலங்கலாக வந்து 30 மில்லிகிராம் கேட்கிற நாளில் ஏறக்குறைய 16 டன், அதாவது ஒரு பெரிய லாரி லோடு. குளோரின் 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 1,590 கிலோ. குளோரின் வரும் பெரிய இரும்பு உருளையை ‘டன்னர்’ என்பார்கள். ஒன்றில் சுமார் 900 கிலோ இருக்கும். ஆக, தினமும் கிட்டத்தட்ட இரண்டு டன்னர் காலியாகும்.

இது ஒரு நிலையத்தின் கணக்கு மட்டும்தான். புழல், கீழ்ப்பாக்கம், வீராணம் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடக்குத்து ஆகியவை தனி. இந்த மூட்டைகளும் டன்னர்களும் வருடம் முழுக்க ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து சேர வேண்டும். இதற்காகத்தான் குடிநீர் வாரியங்களும் மாநகராட்சிகளும் டெண்டர் விடுகின்றன. செய்தித்தாளில் சின்னக் கட்டமாக வரும் அந்த அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. படித்தாலும் ‘எத்தனை கோடி’ என்பதோடு நிறுத்திவிடுவோம். என்னைக் கேட்டால், தொகை அதில் இரண்டாம்பட்சம். டெண்டர் எந்த அலகில் விலை கேட்கிறது, வந்த சரக்கை எப்படிச் சோதிக்கச் சொல்கிறது, எத்தனை பேரிடம் வாங்குகிறது என்பவைதான் குழாயில் வரும் தண்ணீரைத் தீர்மானிக்கின்றன.

முதலில் ஆலம். ஏரித் தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை, எதிர்மின் ஏற்றம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் எத்தனை நாள் வைத்தாலும் அடியில் படியாது. அலுமினியம் உப்பைக் கலந்தால் அந்த ஏற்றம் தணிந்து, துகள்கள் ஒட்டித் திரண்டு, கனத்து, கீழே இறங்கும். நம் ஊரில் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசித் தண்ணீரைத் தெளிய வைத்ததும் இதே வேலைக்குத்தான். மளிகைக் கடையில் கிடைக்கும் படிகாரத்தில் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு லாரியில் வருவது பெரும்பாலும் வெறும் அலுமினியம் சல்பேட். பாக்சைட் தாதுவைக் கந்தக அமிலத்தில் கரைத்துத் தயாரிக்கிறார்கள்.

இந்த ஆலத்தில் வேலை செய்வது அலுமினியம் மட்டுமே. ஒரு மூலக்கூறு அலுமினியம் சல்பேட்டோடு 14 மூலக்கூறு தண்ணீர் சேர்ந்த பளிங்கை எடுத்துக்கொண்டால், அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) கணக்கில் அது சுமார் 17 சதவீதம்தான். எடையில் 40 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்! குடிநீர் வாரியம் காசு கொடுத்துத் தண்ணீரை எடை போட்டு வாங்குகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கை இருக்கட்டும். 18 மூலக்கூறு தண்ணீர் இருந்தால் அலுமினா 15 சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும். ஒரு வியாபாரி 17 சதவீதச் சரக்கையும் இன்னொருவர் 15 சதவீதச் சரக்கையும் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் டன்னுக்கு 12 சதவீதம் குறைத்துக் கொடுத்தால்தான் இருவர் விலையும் சமம். அவர் 8 சதவீதம் குறைத்தாலே டெண்டர் பட்டியலில் முதலிடம் பிடித்துவிடுவார். நகரத்துக்கோ நஷ்டம். சரக்கு அதிகம் தேவைப்படும், லாரி வாடகையும் இறக்குக்கூலியும் அதற்கேற்ப ஏறும்.

நல்ல ஒப்பந்தத்தில் இதற்கு வழி இருக்கும். டன் விலையோடு நிறுத்தாமல் அலுமினாவின் அளவுக்கு விலையைக் கட்டிவைப்பார்கள். ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து, சதவீதம் குறைந்தால் பில்லில் அந்த விகிதத்துக்குக் கழிப்பார்கள். ஓர் எல்லைக்குக் கீழே போனால் லாரியையே திருப்பி அனுப்புவார்கள். எழுதுவது சுலபம். ராத்திரி பதினோரு மணிக்கு லாரி வந்து நிற்கும்போது, இருப்பு இரண்டு நாளைக்குத்தான் என்றால், திருப்பி அனுப்பும் துணிச்சல் எந்தப் பொறியாளருக்கு வரும்? கையிருப்பு குறைவாக உள்ள நிலையத்தில் தரச் சோதனை ஒரு சடங்காகிவிடும். கிடங்கு பெரிதாக இருப்பதும் தரக்கட்டுப்பாட்டில் சேர்த்திதான்.

சதவீதத்துக்கு அடுத்து, கலப்படம். வேறொரு தொழிற்சாலை பயன்படுத்திக் கழித்த கந்தக அமிலத்தை மலிவாக வாங்கியும் ஆலம் தயாரிக்க முடியும். அந்த அமிலத்தோடு ஈயம், ஆர்செனிக், காட்மியம் போன்றவை ஒட்டிக்கொண்டு வரலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஆலம், பாலி அலுமினியம் குளோரைடு, திரவக் குளோரின், பிளீச்சிங் பவுடர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தரக்குறிப்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் குடிநீர் ரசாயனங்களுக்கென்றே ‘என்எஸ்எஃப் 60’ என்ற சான்று உண்டு; அது இல்லாத சரக்கைப் பெரும்பாலான நகரங்கள் தொடுவதில்லை. நம்மூரில் ‘தரக்குறிப்பின்படி’ என்று ஒரு வரி எழுதியதோடு கடமை முடிந்ததாக நினைத்துவிட முடியாது. உலோகச் சோதனையை எந்த ஆய்வகத்தில், எத்தனை லோடுக்கு ஒருமுறை, யார் செலவில் செய்வது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது பல நிலையங்கள் ஆலத்தை விட்டுப் பாலி அலுமினியம் குளோரைடுக்கு மாறி வருகின்றன. டன் விலை கூடுதல். ஆனால் குறைந்த அளவே போதும். ஆலம் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும்: ஒரு மில்லிகிராம் ஆலத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தன்மை போய்விடும். அதை ஈடுகட்டச் சுண்ணாம்பு வாங்க வேண்டும். புது ரசாயனத்துக்கு அந்தத் தேவை குறைவு, கசடும் குறைவு. எது மலிவு என்பதை டன் விலைப் பட்டியலில் கண்டுபிடிக்கவே முடியாது. ஆறு கண்ணாடிக் குடுவைகளில் அந்தந்த ஏரியின் தண்ணீரை ஊற்றி, வெவ்வேறு அளவு ரசாயனம் கலந்து, கலக்கித் தெளியவிட்டுப் பார்க்கும் ‘ஜார் டெஸ்ட்’தான் அதைச் சொல்லும். ஆயிரம் லிட்டரைத் தெளியவைக்க மொத்தம் எவ்வளவு செலவு என்று பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு. அதில் சுண்ணாம்பும் கசடு அகற்றும் செலவும் சேர வேண்டும்.

சென்னைக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. கிருஷ்ணா நீர் கண்டலேறுவிலிருந்து பூண்டிக்கு வருகிறது, வீராணம் நீர் காவிரிப் படுகையிலிருந்து. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைக்கூடச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து விநியோகித்தார்கள். ஒவ்வொரு தண்ணீருக்கும் கலங்கல் வேறு, பாசி வேறு, காரத்தன்மை வேறு. போன வருடம் எத்தனை டன் செலவானது என்று பார்த்து, பத்து சதவீதம் கூட்டி டெண்டர் போடும் பழக்கம் இங்கே உதவாது. இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி அலுமினியம் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு வழி இல்லாதபோது 0.2 வரை போகலாம். கலங்கல் தெளியவில்லையே என்று ஆலத்தைக் கண்டபடி கொட்டவும் முடியாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும் இதற்குப் பொருந்தும். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். தகுதியை ஓர் உறையிலும் விலையை இன்னோர் உறையிலும் வாங்கி, தகுதி உள்ளவர்களின் விலை உறையை மட்டும் திறக்கும் இரு உறை முறை வழக்கமாகிவிட்டது. விலையில் முதலில் வருபவர் ‘எல்-1’. பேரம் பேசுவதானால் அவரிடம் மட்டும்தான். இயற்கைப் பேரிடர்க் காலத்துக்கு விலக்கு உண்டு. அதுவும் இல்லாவிட்டால் 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரியான நேரத்தில் பிளீச்சிங் பவுடர் வாங்க 30 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மலிவானவருக்கே தருவது என்ற விதியைப் பலர் திட்டுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தரக்குறிப்பு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் எல்-1 நல்ல விதிதான். அதிகாரியின் விருப்புவெறுப்புக்கு இடம் இருக்காது. அந்த விதி நம்பியிருப்பது ஒன்றை மட்டும்: போட்டியிடுபவர்கள் உண்மையிலேயே போட்டியிட வேண்டும்.

அமெரிக்காவில் அதுவே பொய்த்துப்போனது. திரவ ஆலம் விற்ற நிறுவனங்கள் சில, 1997-இல் தொடங்கிப் பத்தாண்டுக்கும் மேல், ரகசியமாகக் கூடிப் பேசி நகரங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. இந்த நகரம் உனக்கு, அந்தக் காகித ஆலை எனக்கு என்கிற ஏற்பாடு. மற்றவர்கள் வேண்டுமென்றே அதிக விலை குறிப்பிட்டுத் தோற்பார்கள். தப்பித்தவறி ஜெயித்துவிட்டால் டெண்டரிலிருந்து விலகிக்கொள்வார்கள். 2015-இல் ஒரு முன்னாள் நிர்வாகி குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2016-இல் ஜியோ ஸ்பெஷாலிட்டி கெமிக்கல்ஸ் நிறுவனமும் ஒப்புக்கொண்டு 50 லட்சம் டாலர் அபராதத்துக்கு இசைந்தது. அத்தனை வருடமும் நகராட்சிகளின் கோப்புகளில் எல்லாம் சரியாகவே இருந்தது: மூன்று விலைப்புள்ளிகள், மிகக் குறைந்தது தேர்வு.

இந்தியாவிலும் இது நடந்ததாக ஒரு முடிவு இருக்கிறது. டெல்லி ஜல் போர்டு கொடுத்த புகாரில், பாலி அலுமினியம் குளோரைடு டெண்டர்களில் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலை வைத்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2017-இல் அபராதம் விதித்தது. தண்ணீர் ரசாயனத்தில் இப்படிக் கூட்டுச் சேர்வது எளிது என்பதற்குக் காரணங்கள் உண்டு. எல்லார் சரக்கும் ஒன்றுதான், பிராண்டு வித்தியாசம் கிடையாது. எடை அதிகம், விலை குறைவு என்பதால் தூரத்திலிருந்து கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது; எனவே சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். வாங்குபவரால் தள்ளிப்போடவும் முடியாது. விலைப்புள்ளிகளை எல்லார் முன்னாலும் திறப்பது ஊழலைத் தடுக்கிறது, உண்மைதான். கூட்டுச் சேர்ந்தவர்களில் யாராவது பேச்சு மீறினார்களா என்று மற்றவர்கள் பார்த்துக்கொள்ளவும் அதுவே வசதி.

குளோரின் சந்தை இன்னும் விசித்திரமானது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா தயாரிக்கும்போது கூடவே பிறப்பது குளோரின். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்குச் சுமார் 0.89 டன் குளோரின் வந்தே தீரும். காஸ்டிக் சோடாவுக்குச் சோப்பு, துணி, காகிதம் என்று கிராக்கி இருக்கிறது. ஆலையில் குளோரினை ஓர் அளவுக்கு மேல் தேக்கி வைக்க முடியாது. எடுத்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் காஸ்டிக் உற்பத்தியையே குறைக்க வேண்டும். அதனால் இந்தியாவில் சில காலங்களில் குளோரின் விலை பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கிறது: எடுத்துக்கொண்டு போகிறவருக்கு ஆலையே பணம் தரும். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ‘அப்படியானால் நகரம் ஏன் காசு கொடுக்கிறது?’ என்று கேட்பது நியாயம்தான். குழாய் வழியாக மொத்தமாக எடுக்கும் பக்கத்து ஆலைக்குக் கிடைக்கும் விலை அது. நகரத்துக்கு வேண்டியது சோதித்துச் சான்று பெற்ற டன்னரில் அடைத்து, லாரியில் ஏற்றி, குறித்த நாளில் கொண்டுவந்து, காலி டன்னரைத் திரும்ப எடுத்துப்போகும் சேவை. விலையில் பெரும்பங்கு அதற்குத்தான்.

தமிழ்நாட்டில் மேட்டூர், சாகுபுரம், மணலி ஆகிய இடங்களில் இந்த ஆலைகள் உண்டு. குளோரினில் கணிசமான பகுதியை இத்தகைய ஆலைகள் தாங்களே பிவிசி முதலான வேறு பொருள்களுக்குப் பயன்படுத்திக்கொள்வது வழக்கம். குடிநீருக்கு வேண்டிய அளவு இந்த வியாபாரத்தில் சிறிய துளி. சந்தை இறுகும்போது சின்ன வாடிக்கையாளர்தான் முதலில் அடிவாங்குவார். 2021 ஜூனில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லாங்வியூ என்ற ஊரிலுள்ள ஒரே ஆலையில் மின்சாதனம் பழுதானது. அந்த மேற்குக் கடற்கரைப் பகுதியில் பல நகரங்களின் குளோரின் வரத்து ஆட்டம் கண்டது. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் புளோரிடாவின் ஆர்லண்டோவில் நடந்ததை யாருமே எதிர்பார்த்திருக்க முடியாது. அந்த ஊர்க் குடிநீர் சுத்திகரிப்புக்குத் திரவ ஆக்சிஜன் வேண்டும். கொரோனா நோயாளிகளுக்காக ஆக்சிஜன் மருத்துவமனைகளுக்குப் போனதால், புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று மேயர் மக்களிடம் கேட்டுக்கொண்டார். ஒரே வியாபாரியிடம் முழு ஆண்டுத் தேவையையும் கொடுப்பதில் விலை கொஞ்சம் குறையலாம். நகரத்துக்கு இரண்டாவது ஆள் ஒருவரைக் கையில் வைத்துக்கொள்வது ஆடம்பரம் ஆகாது.

வாயுக் குளோரின் ஆபத்தானது, காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், கசிந்தால் தரையோடு தவழும். வீடுகள் நெருங்கிவிட்ட இடங்களில் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலுக்கு மாற நினைப்பது இதனால்தான். அது பாதுகாப்பானது, ஆனால் 10 முதல் 12 சதவீத வீரியத்தில் வந்து வெயிலில் நாளுக்கு நாள் வலுவிழக்கும். பிளீச்சிங் பவுடரும் அப்படியே: புதிதாக இருக்கையில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும், தகரக் கொட்டகையில் ஒரு கோடையைக் கழித்தால் பாதிச் சுண்ணாம்பைத்தான் தூவிக்கொண்டிருப்போம். இவற்றை மலிவாகக் கிடைக்கிறதென்று மொத்தமாக வாங்கிக் குவிப்பது வீண். ஆலத்துக்குப் பெரிய கிடங்கு பலம் என்றால், இவற்றுக்கு அதுவே பலவீனம்.

சரக்கு சரியாக வந்தாலும் போதாது, சரியான தொட்டியில் இறங்க வேண்டும். 1988 ஜூலை 6 அன்று இங்கிலாந்தின் கார்ன்வாலில், கேமல்ஃபர்டு ஊருக்குத் தண்ணீர் தரும் லோயர்மூர் நிலையத்துக்கு 20 டன் அலுமினியம் சல்பேட் கரைசலோடு ஒரு மாற்று ஓட்டுநர் வந்தார். நிலையத்தில் ஆள் இல்லை. கையில் சாவி இருந்தது. அது பல பூட்டுகளைத் திறக்கும் சாவி. ரசாயனம் போக வேண்டிய தொட்டிக்குப் பதிலாக, சுத்திகரித்த தண்ணீர் ஊருக்குக் கிளம்பும் முன் தங்கும் தொட்டியில் கொட்டிவிட்டார். சுமார் 20,000 பேருக்கு அந்தத் தண்ணீர் போனது. என்ன நடந்தது என்று மக்களுக்குச் சொல்ல 16 நாள் ஆனது. சரக்கின் தரத்தில் எந்தக் குறையும் இல்லை. யார் முன்னிலையில், எந்த வால்வில், எந்தச் சீட்டைப் பார்த்து இறக்க வேண்டும் என்ற நடைமுறைதான் இல்லை.

வாங்காமல் விட்ட ரசாயனத்தால் கெட்ட ஊரும் உண்டு. 2014 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் செலவைக் குறைக்க டெட்ராய்டு தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. டெட்ராய்டு தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் கலந்திருந்தது. குழாயின் உட்புறம் மெல்லிய படலமாகப் படிந்து, ஈயம் கரையாமல் காத்தது. புதிய தண்ணீரில் அதைச் சேர்க்கவில்லை. தெளியவைக்க ஃபெரிக் குளோரைடு பயன்படுத்தினார்கள். ஏற்கெனவே அரிக்கும் குணம் இருந்த ஆற்று நீரில் குளோரைடு இன்னும் ஏறியது. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் வீடுகளுக்குள் வந்தது. பாஸ்பேட்டுக்கு நாளுக்குச் சுமார் 100 டாலர்தான் ஆகியிருக்கும் என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. ரசாயனப் பட்டியலில் ஒரு வரியை வெட்டியதாகக்கூட யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்த வரி எழுதப்படவே இல்லை.

சென்னையில் இப்போது வாங்குபவரே மாறிக்கொண்டிருக்கிறார். மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறன் கொண்டவை. அங்கே பட்டியலே வேறு: ஃபெரிக் குளோரைடு, கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வில் உப்புப் படியாமல் தடுக்கும் ரசாயனம், சவ்வைக் குளோரின் அரிக்காமல் இருக்கச் சோடியம் மெட்டாபைசல்பைட், கடைசியில் ருசிக்கும் குழாயின் பாதுகாப்புக்கும் சுண்ணாம்பு. மீஞ்சூர் மாதிரியான ஏற்பாட்டில் வாரியம் ரசாயனம் வாங்குவதில்லை. தனியார் நடத்தும் நிலையத்திலிருந்து தண்ணீரை ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. எந்த ரசாயனத்தை யாரிடம் வாங்குவது என்ற தலைவலி போயிற்று. கூடவே, கொள்முதல் டெண்டரைப் படித்துச் சரக்கின் தரத்தைத் தெரிந்துகொள்ளும் வழியும் போயிற்று. இனி அந்தத் தகவலை, நிலையத்தை நடத்தும் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில்தான் தேட வேண்டும்: என்ன தரக்குறிப்பு, யார் மாதிரி எடுப்பது, எத்தனை நாள் கையிருப்பு கட்டாயம், அந்த ஏடுகளைப் பார்க்க வாரியத்துக்கு உரிமை உண்டா என்று.